சாதாரண முகம்

2005 தொடக்கத்தில் அமெரிக்காவின் விசிட்டா நகரப் போலீஸிடம் ஒரு தொடர் கொலையாளி சந்தேகம் கேட்டான். ஃப்ளாப்பி டிஸ்க்கில் செய்தி அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா? நேர்மையாகச் சொல்லுங்கள், பதிலை உள்ளூர்ப் பத்திரிகையில் வரி விளம்பரமாகப் போடுங்கள். 1974-இலிருந்து 1991 வரை 10 பேரைக் கொன்றுவிட்டு, முப்பது வருஷம் பிடிபடாமல் இருந்தவன் அவன். போலீஸ் விளம்பரம் போட்டது: ஒன்றும் பிரச்சினை இல்லை. அவனும் நம்பி அனுப்பினான். ஃப்ளாப்பியில் அழித்த பழைய கோப்பு ஒன்றின் மிச்சம் கிடந்தது. அதில் ஒரு தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் ‘டென்னிஸ்’ என்பதும் இருந்தன. அந்தத் தேவாலயக் குழுவின் தலைவர் பெயர் டென்னிஸ் ரேடர். பிடிபட்ட பிறகு, ஏன் என்னிடம் பொய் சொன்னீர்கள் என்று போலீஸிடமே அவன் குறைபட்டுக்கொண்டான்.

இந்தக் காட்சியை ஒரு தமிழ் த்ரில்லரின் கிளைமாக்ஸில் வைத்துப் பாருங்க. தியேட்டரில் சிரிப்பாங்க. மறுநாள் யூட்யூப் விமர்சனத்தில் ‘இவ்வளவு பெரிய சைக்கோ, போலீஸ்கிட்டயே போய் கேப்பானா, லாஜிக்கே இல்ல’ என்று கிழித்துத் தொங்கவிடுவார்கள். தொடர் கொலையாளி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருக்கிறது. அதை சினிமாதான் கொடுத்தது, இப்போது அதை வைத்தே சினிமாவை அளக்கிறோம். ரேடர் வீடுகளுக்குத் திருட்டு அலாரம் பொருத்தும் கம்பெனியில் வேலை பார்த்தவன். பிறகு ஒரு சிறு நகராட்சியில், யார் வீட்டுப் புல் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது, யார் நாய் அவிழ்ந்து திரிகிறது என்று நோட்டீஸ் கொடுக்கும் வேலை. ஹோட்டல் பில்லை நாலு தடவை கூட்டிப் பார்க்கிற ஆள் ஒருத்தர் நம் தெருவில் இருப்பாரே, அந்த மாதிரி.

சினிமா கொடுத்த அபிப்பிராயத்துக்கு அடித்தளம் போட்டவர் டாக்டர் ஹானிபல் லெக்டர். 1991-இல் வந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ படத்தில் ஆண்டனி ஹாப்கின்ஸ் திரையில் இருக்கும் நேரம் மொத்தமே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த கொலையாளிகள் எல்லோரும் அவருடைய பேச்சை இரவல் வாங்கினார்கள். அவர் செவ்வியல் இசை கேட்கிறார், ஓவியம் வரைகிறார், எதிரில் இருப்பவரின் செண்ட்டை மோந்தே ஜாதகம் சொல்கிறார். முக்கியமாக, பேசுகிறார். கூண்டுக்குள் இருக்கும் கொலைகாரனுக்குத்தான் உண்மை தெரியும், வெளியே இருக்கும் போலீஸ் அவனிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அந்தப் படத்தின் அமைப்பு. அது ஒரு பிரமாதமான படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அமைப்பு மட்டும் தனியாகக் கழன்று வந்து முப்பது வருஷமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நிஜத்தில் பெரிய எண்ணிக்கைகளுக்குச் சொந்தக்காரர்கள் பலரும் இப்படிப் பேசக்கூடியவர்களே இல்லை. கேரி ரிட்ஜ்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். சியாட்டில் பக்கம் ‘கிரீன் ரிவர்’ கொலைகளுக்காக 49 கொலை வழக்குகளில் தண்டனை பெற்றவன். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை, ஒரே கம்பெனியில் ஏறத்தாழ முப்பது வருஷம். புத்திக்கூர்மைச் சோதனையில் சராசரிக்கும் கீழே. 1984-இல் போலீஸ் அவனைக் கூப்பிட்டுப் பொய் கண்டறியும் சோதனை வைத்தது, தேறிவிட்டான். 1987-இல் எடுத்த உமிழ்நீர் மாதிரி, டி.என்.ஏ. தொழில்நுட்பம் வளர்ந்து 2001-இல் பொருந்திய பிறகுதான் கைதானான். பாலியல் தொழில் செய்த பெண்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அவன் கோர்ட்டில் சொன்ன காரணத்தில் தத்துவம் எதுவும் இல்லை: அவர்கள் காணாமல் போனால் யாரும் உடனே புகார் கொடுக்க மாட்டார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் இருப்பது அவனுடைய மனசு மட்டுமில்லை. அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷன் எப்படி வேலை செய்தது என்பதும் இருக்கிறது. நான் கேட்பது, இந்த இரண்டாவது விஷயத்தைக் காட்டுகிற படங்கள் எத்தனை?

தமிழுக்கு வருவோம். 1978-இல் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தபோதே நமக்கான வாய்ப்பாடு தயார். அழகான, வசதியான கொலைகாரன். பாதியில் ஒரு ஃப்ளாஷ்பேக். சின்ன வயதில் பெண்களால் பட்ட அவமானம், அதனால் பெண்களைக் கொல்கிறான். காலம் மாறினாலும் ஃப்ளாஷ்பேக் போகவில்லை. ‘வேட்டையாடு விளையாடு’ (2006) நியூயார்க் வரை போனது, ‘சைக்கோ’ (2020) அங்குலிமாலன் கதையைக் கையில் எடுத்தது. ஆனால் ‘சைக்கோ’விலும் பள்ளிக்கூடத்தில் நடந்த கொடுமையின் கணக்குதான் கடைசியில் வருகிறது. அந்தப் படம் வந்தபோது ‘இத்தனை பேரைக் கடத்துறான், ஒரு சிசிடிவி கூடவா இல்ல’ என்று நெட்டில் கேலி செய்தார்கள். எனக்கு அது தப்பான கேள்வி. மிஷ்கின் ஒரு நீதிக்கதை சொல்கிறார், அங்கே கேமரா இருந்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. யதார்த்தம் வேண்டுமென்று நாம் கேட்கும்போது, கேமரா எங்கே, கைரேகை எங்கே என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறோம் என்பதுதான் என் குறை. காணாமல் போன பெண்ணின் அப்பா ஸ்டேஷனுக்குப் போனபோது என்ன நடந்தது என்று அதே வேகத்தில் கேட்பதில்லை.

‘ராட்சசன்’ (2018) இந்த இடத்தில் சுவாரசியமான கேஸ். ராம்குமாரின் படம் தமிழில் வந்த இறுக்கமான த்ரில்லர்களில் ஒன்று, மறுப்பதற்கில்லை. அதன் நாயகன் அருணே சைக்கோ கொலைகாரர்களைப் பற்றிப் பத்திரிகைத் துணுக்குகள் சேர்த்து வைத்து, சினிமா எடுக்க அலைந்து, முடியாமல் எஸ்.ஐ. ஆனவன். அதாவது சினிமாவுக்காகச் சேர்த்த அறிவை வைத்து நிஜக் கொலைகாரனைப் பிடிக்கிறான். படம் தன்னையே கிண்டல் செய்துகொள்ளக் கிடைத்த அருமையான வாய்ப்பு அது, ஆனால் படம் அதை சீரியஸாக எடுத்துக்கொண்டுவிட்டது. இன்னொன்று முக்கியம். படத்தின் நடுவே இன்பராஜ் என்று ஓர் ஆசிரியர் வருகிறார். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆள், மார்க்கை வைத்து மாணவிகளை மிரட்டுகிறார். அவர் வகுப்பறைக்குள் நுழையும்போது அந்தப் பெண்ணின் உடம்பு சுருங்குவதைப் பார்த்தபோது தியேட்டரே அமைதியானது. அந்தப் பயம் நிஜம், ஏனென்றால் அங்கே இருந்த பாதிப் பேருக்கு அப்படி ஓர் ஆளைத் தெரியும். ஆனால் திரைக்கதைக்கு அவர் ஒரு திசைதிருப்பல் மட்டும்தான். அவரைச் சுட்டு முடித்துவிட்டு, உடல்குறைபாட்டால் கேலிக்கு ஆளாகி, காதலில் மறுக்கப்பட்டு, மேஜிக் ஷோ நடத்திக்கொண்டு, பொம்மைத் தலையைப் பரிசுப்பெட்டியில் அனுப்பும் கிறிஸ்டோபரிடம் படம் போய்விடுகிறது. கையில் இருந்த உண்மையான ராட்சசனை விட்டுவிட்டு பொம்மை ராட்சசனைத் துரத்தியது என்று எனக்குத் தோன்றும். கூடவே, வித்தியாசமான முகம் கொண்டவன்தான் ஆபத்தானவன் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தது. அது யதார்த்தக் குறைவு மட்டுமில்லை, அநியாயமும்கூட.

கொலைகாரனின் பேச்சுக்கு நாம் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்கு சினிமா மட்டும் காரணமில்லை. 1970-களின் கடைசியிலிருந்து எஃப்.பி.ஐ.யின் நடத்தை அறிவியல் பிரிவு, தண்டனை பெற்ற 36 கொலையாளிகளைச் சிறையில் சந்தித்துப் பேசியது. ‘மைண்ட்ஹண்டர்’ தொடர் (2017, 2019) அதைத்தான் காட்டுகிறது. அதில் எட் கெம்பராக வரும் கேமரான் பிரிட்டனை மறக்க முடியாது. அந்த மலை போன்ற உருவம், விருந்தாளியை உபசரிப்பது மாதிரியான பேச்சு. கெம்பர் உண்மையிலேயே புத்திசாலி, அதோடு தானே போலீஸுக்குப் போன் செய்து சரணடைந்தவன். இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். பிடிபட்டவர்களில், பேச ஒப்புக்கொண்டவர்களில், பேசுவதை ரசித்தவர்களிடமிருந்து வந்த அறிவு இது. அம்மா சரியில்லை, அவமானப்பட்டேன் என்று அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதே கொலையாளியின் மனசு பற்றிய விஞ்ஞானமாகி, அங்கிருந்து திரைக்கதை எழுதுகிறவர்களின் மேஜைக்கு வந்து, நம்ம ஊர் ஃப்ளாஷ்பேக்கிலும் வந்து உட்கார்ந்தது.

‘மைண்ட்ஹண்டர்’ இதை உணர்ந்திருந்தது என்பதற்கு இரண்டாவது சீசன் சாட்சி. 1979-81இல் அட்லாண்டாவில் கறுப்பினச் சிறுவர்கள் வரிசையாகக் கொல்லப்பட்டார்கள். நாயகன் ஹோல்டன் கொலையாளியை வரவைப்பதற்காக நினைவு ஊர்வலப் பாதையில் சிலுவைகள் நட வேண்டும் என்கிறான். அவ்வளவுதான், நாலு மரச்சிலுவை. அனுமதி, டெண்டர், பொறுப்பு யாருடையது என்று அது அலுவலகம் அலுவலகமாக இழுபட்டு, கடைசியில் ஊர்வலம் நடந்துகொண்டிருக்கும்போது ஹோல்டன் கையில் சிலுவையோடு தலைதெறிக்க ஓடுகிறான். தாலுகா ஆபீஸுக்கு ஒரு சான்றிதழுக்காக நடந்தவர்களுக்கு அந்தக் காட்சி புரியும். பெரியவர்கள் இருவரைக் கொன்றதற்காக ஒருவன் தண்டிக்கப்படுகிறான், பிள்ளைகளின் வழக்குகள் பெரும்பாலும் அவன் கணக்கிலேயே எழுதி மூடப்படுகின்றன. அம்மாக்கள் ஏற்கவில்லை. தொடர் அங்கேயே விட்டுவிடுகிறது. டேவிட் ஃபின்ச்சர் ஏற்கெனவே ‘ஸோடியாக்’ (2007) படத்தில் இந்த வேலையைச் செய்திருந்தார். ஒரே கொலைகாரன், மூன்று நான்கு போலீஸ் எல்லைகள், ஒருவர் கையில் இருக்கும் காகிதம் அடுத்தவருக்குத் தெரியாது, அவசரமாக அனுப்பச் சொன்னால் அந்த ஊரில் தொலைநகல் இயந்திரமே இன்னும் வரவில்லை. தபாலில்தான் வரும்.

இதையெல்லாம் விட ஒரு படி மேலே நிற்பது போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003). தென் கொரியாவில் சியோலுக்குத் தெற்கே ஹ்வாசோங் என்ற கிராமப்புறப் பகுதியில் 1986 முதல் 1991 வரை 10 பெண்களும் சிறுமிகளும் கொல்லப்பட்டார்கள். படம் எடுக்கும்போது கொலைகாரன் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவனுடைய மனசுக்குள் போக வழியில்லை, ஃப்ளாஷ்பேக் வைக்க முடியாது, அவனைப் பேசவிட முடியாது. அந்தக் கட்டாயம்தான் படத்தைக் காப்பாற்றியது என்று சொல்வேன்.

ஆரம்பத்திலேயே வயல்வெளியில் ஒரு பிணம். சுற்றிலும் ஊர்ச்சனம், ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள். கிடைத்த ஒரே காலடித் தடத்தைப் பாதுகாக்க துப்பறிவாளர் பார்க் கத்திக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் ஒரு டிராக்டர் ஏறிப் போய்விடுகிறது. மேலதிகாரி வரப்பில் சறுக்கி விழுகிறார். சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு படம் முழுக்கத் தொண்டையில் மாட்டிக்கொண்டே வருகிறது. பார்க்குக்கு ஒரு பெருமை உண்டு, முகத்தைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவானாம். மேலதிகாரி இரண்டு பேரைக் காட்டுகிறார். ஒருவன் பலாத்காரம் செய்தவன், இன்னொருவன் அவனைப் பிடித்துவந்த பெண்ணின் அண்ணன், யார் எது சொல்லு என்கிறார். பார்க் உற்றுப் பார்க்கிறான். காட்சி மாறிவிடுகிறது, பதில் நமக்குச் சொல்லப்படுவதே இல்லை. நாமும் அந்த இரண்டு முகங்களை மாறி மாறிப் பார்த்து ஒருத்தனை முடிவு செய்திருப்போம், அதுதான் விஷயம்.

அந்தக் காலம் ராணுவ ஆட்சியின் கடைசிக் காலம். கொலை நடக்கப்போகிறது என்று தெரிந்து கூடுதல் போலீஸ் கேட்கிறார்கள். இல்லை, எல்லோரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள். யுத்தப் பயிற்சிக்காக ஊரே விளக்கணைத்து இருட்டில் கிடக்கும்போது கொலை நடக்கிறது. அரசாங்கமே இருட்டை ஏற்பாடு செய்து கொடுத்தது என்று படம் வாய்விட்டுச் சொல்லவில்லை, காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மனவளர்ச்சி குன்றிய ஒரு பையனை அடித்து, ஒப்புதல் வாக்குமூலத்தைச் சொல்லிக்கொடுத்து டேப்பில் பதிகிறார்கள். கடைசியில் வருபவன் ஓர் அழகான இளைஞன், மிருதுவான கைகள். எல்லாம் பொருந்துகிறது. சியோலிலிருந்து வந்த, ஆவணங்களை மட்டும் நம்புவேன் என்று சொன்ன துப்பறிவாளனே துப்பாக்கியை எடுத்துவிடுகிறான். அமெரிக்காவிலிருந்து டி.என்.ஏ. முடிவு வருகிறது. பொருந்தவில்லை. முதல் தடவை பார்த்தபோது அவனைச் சுட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு.

2019-இல் நிஜக் கொலைகாரன் தெரிந்தான். லீ சுன்-ஜே. மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக 1994-லிருந்தே சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தவன். பாதுகாத்து வைத்திருந்த தடயங்களின் டி.என்.ஏ. அவனோடு பொருந்தியது. 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். வழக்குத் தொடரும் காலவரம்பு 2006-லேயே முடிந்திருந்ததால் அவற்றுக்குத் தண்டனை கிடையாது. 21,000 பேருக்கு மேல் விசாரித்த போலீஸ் அவனையும் விசாரித்திருந்தது. கொலையாளியின் ரத்தம் ‘பி’ வகை என்று முடிவு கட்டியிருந்தார்கள், அவனுடையது ‘ஓ’. 2020 நவம்பரில் கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தபோது, தான் பெரிதாக எதையும் மறைக்கவில்லை என்றும், சீக்கிரமே மாட்டாமல் போனது தனக்கே ஆச்சரியம் என்றும் சொன்னான். இறந்த ஒரு பெண்ணின் கைக்கடிகாரத்தோடு ஒருமுறை போலீஸிடம் சிக்கியும், அடையாள அட்டை இல்லாததைப் பற்றிக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்களாம். ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படத்தைச் சிறையில் பார்த்திருக்கிறான். ஒன்றும் தோன்றவில்லை, சும்மா ஒரு படமாகப் பார்த்தேன் என்றான். கொலைகாரன் என்றைக்காவது தியேட்டரில் உட்கார்ந்து பார்ப்பான் என்று எண்ணித்தான் போங் கடைசி ஷாட்டில் பார்க்கை நேராக நம்மைப் பார்க்க வைத்தார். அதற்குச் சற்று முன்பு, வயல் ஓரச் சாக்கடையை இன்னொருவனும் வந்து எட்டிப் பார்த்ததாக ஒரு சிறுமி சொல்கிறாள். ஆள் எப்படி இருந்தான் என்று பார்க் கேட்கிறான். சாதாரணமாக இருந்தான் என்கிறாள். சினிமாவில் தொடர் கொலையாளியைப் பற்றி இதைவிடத் துல்லியமான வர்ணனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் லீ அந்த நவம்பரில் கோர்ட்டுக்கு வந்தது தன் வழக்குக்காக இல்லை, வேறொருவருடைய மறுவிசாரணைக்காக. பத்துக் கொலைகளில் எட்டாவது, 13 வயதுச் சிறுமியுடையது. அது மட்டும் ‘முடிந்த’ வழக்கு. 1989-இல் ஓர் இளைஞரைப் பிடித்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியிருந்தார்கள். போலியோவால் கால் ஊனமுற்றவர், விவசாய இயந்திரப் பட்டறையில் வேலை, அதிகம் படிக்காதவர். தூங்கவிடாமல் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலம். இருபது வருஷம் சிறையில் இருந்துவிட்டு 2009-இல் பரோலில் வந்தார். 2020 டிசம்பரில்தான் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது, நீதிபதி அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது தேதிகளைச் சேர்த்துப் பாருங்க. 2003-இல், அடித்து வாங்கிய வாக்குமூலத்தைப் பற்றி இவ்வளவு கூர்மையான ஒரு படம் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தபோது, அதே தொடர் கொலைகளில் ஒன்றுக்கான பொய் வாக்குமூலத்தால் ஒரு மனிதர் உள்ளே இருந்தார். படத்தின் கதைக்குள் அவர் இல்லை. அந்த வழக்கு தீர்ந்துவிட்டது என்று எல்லோரையும் போல படமும் நம்பியிருந்தது. இதற்காகப் படத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் யதார்த்தத்தின் உச்சம் என்று கொண்டாடுகிற படமே மூடிய ஃபைலுக்கு முன்னால் நின்றுவிட்டது என்பதை மறந்துவிட்டு மற்ற படங்களைக் கிழிக்க முடியாதில்லையா.

இதே சிக்கல் நம் நாட்டில் இன்னும் மோசமாக நடந்தது. 2006 டிசம்பரில் தில்லிக்குப் பக்கத்தில் நொய்டாவின் நிட்டாரியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் பிள்ளைகளின் எலும்புகள் கிடைத்தன. காணாமல் போனதெல்லாம் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள். புகாரோடு போன பெற்றோரைப் போலீஸ் பொருட்படுத்தவில்லை. வீட்டு முதலாளியும் வேலைக்காரரும் கைதானார்கள், வேலைக்காரருடைய ஒப்புதல் வாக்குமூலமே வழக்கின் முதுகெலும்பு. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 60 நாள் போலீஸ் காவல், மருத்துவப் பரிசோதனை இல்லை, அந்த வாக்குமூலத்தை நம்ப முடியாது என்றது. உடலுறுப்பு வியாபாரக் கோணத்தைச் சரியாக விசாரிக்கவே இல்லை என்றும் சொன்னது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் இந்த விடுதலைகளில் தலையிட மறுத்தது.

உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒரு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில், ‘செக்டர் 36’ நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. உண்மைச் சம்பவங்களால் தூண்டப்பட்டது என்ற அறிவிப்போடு. விக்ராந்த் மாஸி வேலைக்காரனாக வருகிறார். படத்தின் மையம் ஒரு நீண்ட விசாரணைக் காட்சி. அவன் உட்கார்ந்து, நிதானமாக, கிட்டத்தட்டப் பெருமையோடு, என்னென்ன செய்தேன் என்று சொல்லிக்கொண்டே போகிறான். ஃப்ளாஷ்பேக்கும் உண்டு, சிறுவயதில் கறிக்கடை, மாமாவின் கொடுமை. நடிப்பை எல்லோரும் புகழ்ந்தார்கள், நடிப்பு நிஜமாகவே பயங்கரம். போலீஸின் அலட்சியத்தையும் படம் காட்டுகிறது, அதுவரை நியாயம். ஆனால் அந்த இன்ஸ்பெக்டர் எப்போது மாறுகிறார்? தன் சொந்த மகளையே அவன் தூக்கப் பார்த்த பிறகு. அடுத்தவன் பிள்ளைக்காக ஒரு எஃப்.ஐ.ஆர் போட வேண்டும் என்ற சாதாரணக் கடமை திரைக்கதைக்குப் போதவில்லை.

எனக்கு உறுத்துவது அந்த விசாரணைக் காட்சிதான். வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்பதே உயர் நீதிமன்றத்தின் கேள்வியாக இருந்த ஒரு வழக்கில், படத்தில் யாரும் அவனை அடிக்கவில்லை, எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகவே கொட்டுகிறான். கேமரா முகத்தை விட்டு நகராமல் அத்தனையையும் நம்புகிறது. லெக்டரின் கூண்டு நொய்டா ஸ்டேஷன் நாற்காலியாகியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பெயர்களை மாற்றிவிட்டதால் சட்டச் சிக்கல் இருக்காது. பார்த்தவர்களில் யாருக்கும் ‘அப்போ அந்த வழக்கு என்ன ஆச்சு’ என்று தேடிப் பார்க்கத் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. தேடினால், அந்தப் பிள்ளைகளைக் கொன்றவர் என்று இன்றைக்குச் சட்டப்படி ஒருவரும் இல்லை என்பதும், பெற்றோர் பதினெட்டு வருஷத்துக்கு மேல் கோர்ட் படியேறியதும் கிடைக்கும். அதைப் படமாக எடுப்பதாக இருந்தால், கேமரா இருக்க வேண்டிய இடம் அந்தப் பெற்றோர் முதல் தடவை புகார் கொடுக்க வந்து நின்ற மேஜையின் இந்தப் பக்கம்.